மலைப் பயணமும் வாந்தி மாத்திரையும்

சித்தூரிலிருந்து திருமலைக்குச் செல்லும் நம் சங்க அன்பர்களில் பலர், வாந்தி வராதிருக்க மாத்திரை போட்டுக்கொண்டுதான் வண்டி ஏறுகிறார்கள். 1974இல் திறக்கப்பட்ட பாதையில் ஏறி, 1944இல் திறக்கப்பட்ட பழைய பாதையில் இறங்குகிறோம். வளைவுகளில் தலை சுற்றுவது இயல்பே. ஆனால் மாத்திரை அளவு மீறினால் வாந்தியைவிடப் பெரிய ஆபத்து உண்டு.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். புறப்படும்போது எட்டு வயதுப் பேரனுக்கு என் மனைவி அரை மாத்திரை கொடுத்தாள். அது தெரியாமல் திருப்பதியில் என் மகள் ஒன்று கொடுத்தாள். மலையேறும்போது குமட்டுகிறது என்றான். நானும் அரை கொடுத்தேன். மேலே சேர்ந்தபோது முகம் சிவந்து, வாய் உலர்ந்து, இல்லாத பூச்சியைக் கையால் பிடிக்கத் தொடங்கினான். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள்தான் தெளிந்தான்.

ப்ரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற இம்மருந்துகள் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். உடனே கேட்கவில்லை என்று இன்னொன்று கொடுப்பதே தவறு. பல சளி மருந்துகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ப்ரோமெதசின் கூடவே கூடாது.

அளவு மீறியதன் அறிகுறிகள்: எழுப்பினாலும் எழாத தூக்கம், கண்மணி விரிதல், படபடப்பு, சிறுநீர் பிரியாமை, பிதற்றல், வலிப்பு. குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் அமைதியின்மையும் வரலாம்.

செய்ய வேண்டியவை:

1. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர் எதுவும் புகட்டாதீர்கள்.

2. மயக்கமானால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள்.

3. உடனே 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

4. மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் ரயில்வேயில் இருந்த காலத்தில், ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். வீட்டிலும் அப்படியே: மாத்திரை அட்டை ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், கொடுத்த நேரத்தை அவரே அட்டையின்மேல் எழுதிவைக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்த நான், பேரன் விஷயத்தில் மறந்தேன். நீங்கள் மறக்க வேண்டாம்.