ஸ்டவ் வாங்குமுன் மீட்டரைப் பாருங்கள்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலோ குரோம்பேட்டை ஜிஎஸ்டி சாலையிலோ ஏதாவது ஒரு கடையில் ஏறி இண்டக்ஷன் ஸ்டவ் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை வாட்ஸ்மா பார்க்கறீங்க?" என்பார்கள். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் கேட்பது வேறு. போன தடவை ஈபி ரீடிங் எத்தனை யூனிட் வந்தது? அதற்குப் பதில் தெரியாமல் வாட்ஸைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு இது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் சூட்டை மின்சாரமாக மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 180 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிப் போய் சமையலறையைச் சூடாக்குகிறது. மே மாதம் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இண்டக்ஷனில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் சேதாரம் குறைவு. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை முடிக்க இண்டக்ஷனுக்குச் சுமார் 130 யூனிட் போதும். 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அதை 130ஆல் வகுத்தால் ஆறே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். உங்களுக்கு ஒரு யூனிட் மின்சாரம் அதற்குள் கிடைத்தால் இண்டக்ஷன் லாபம், அதற்கு மேல் போனால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறும்போதெல்லாம் இதே 130ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

இனி நம் ஈபி கட்டணத்துக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கடுத்த 100க்கு அரசு மானியம் உண்டு. 2024 ஜூலைக் கட்டணப்படி 400 வரை யூனிட் ஐந்து ரூபாயைத் தொடாது, 500 வரை ஆறு ரூபாய்க்குச் சற்று மேல். 500ஐத் தாண்டினால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். அதோடு விடுவதில்லை. 501ஆவது யூனிட் ஓடிய உடனே இரண்டாவது நூறுக்கான மானிய விலையும் பறிபோகிறது. அந்த ஒற்றை யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் பில் எகிறும்.

ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் வீட்டில் மொத்தச் சமையலையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் கூடும். 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. தாராளமாக மாறலாம். இரவெல்லாம் ஏசி ஓடி ஏற்கெனவே 450ஐத் தொடும் வீட்டில் மாற்றினால் பில்லைப் பார்த்துவிட்டு ஸ்டவ்வைப் பரணில் ஏற்றுவார்கள். நாங்கள் ஏப்ரலில் இருந்து ஆகஸ்ட் வரை பெரும்பாலும் கேஸ். ஐப்பசி மழை இறங்கி ஏசிக்கு ஓய்வு கொடுத்ததும் இண்டக்ஷன். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரை ஒரு பார்வை பார்த்து, 500ஐ நெருங்கியிருந்தால் ஸ்டவ்வுக்கு லீவு விட்டுவிடுவேன்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. நம் பக்கத்தில் ஒரு சர்வீஸில் இரண்டு மூன்று போர்ஷனுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்று மொத்தமாக வாங்கும் வீட்டு உரிமையாளர்கள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் இண்டக்ஷன் எந்த மாதத்திலும் லாபமில்லை. கேஸ் இணைப்பு கிடைக்காத தனிக்கட்டைகளுக்கும், காலையில் அவசரத்துக்கு ஒரு பால், ஒரு வெந்நீர் என்பவர்களுக்கும் மட்டும் அது சரி.

மீட்டர் சம்மதித்துவிட்டதென்றால் அடுத்தது பாத்திரம். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் வேலை செய்யும், வழுக்கி விழுந்தால் செய்யாது. இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கல்யாணச் சீரில் வந்த கனமான, துருவே பிடிக்காத எவர்சில்வர் பாத்திரங்களில் பல காந்தத்தை மதிப்பதே இல்லை. நிக்கல் கலந்த உயர்ந்த ரக எஃகின் குணம் அது. அப்படிப்பட்ட பாத்திரங்களுக்கு நடுவே ஏதோ ஒரு மலிவுத் தவலை ஜம்மென்று ஒட்டிக்கொள்ளும். அலுமினிய குக்கர், பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் ஆகாது. அதைக் கேஸிலேயே விட்டுவிடுங்கள். இரும்பு வாணலி, இரும்பு தோசைக்கல் ஆகும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். நம் இலுப்பச்சட்டியின் குழிந்த அடிக்கு இங்கே இடமில்லை.

கடையில் ஸ்டவ்வின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாயிரத்தில் இருந்து மூவாயிரத்துக்குள் நல்ல ஸ்டவ் வந்துவிடும். அடியில் எஃகுத் தகடு பதித்த குக்கர், பொங்கல் வைக்க ஒரு பாத்திரம், தட்டை வாணலி என்று சேர்த்தால் ஸ்டவ்வை மிஞ்சும் செலவு. வெளியே காந்த எஃகும் நடுவில் அலுமினியமும் உள்ளே நல்ல எவர்சில்வருமாக மூன்றடுக்கில் வரும் பாத்திரம் விலை கூடுதல்தான். ஆனால் அதில் ரவை கிண்டினால் அடிப்பிடிப்பது குறையும். நான் வாங்கச் சொல்வது அதைத்தான்.

அட்டைப்பெட்டியில் தோசை, இட்லி, சப்பாத்தி என்று படம் போட்டு எட்டு மெனு பட்டன் இருப்பதாகப் பெருமையடித்திருப்பார்கள். அதைப் பாராட்டிவிட்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கேளுங்கள். முதலில் முழு வேகத்தில் கொதிக்க விட்டு, பிறகு மிகக் குறைந்த அளவுக்கு, 300 வாட்ஸ் என்றால் 300க்கு, இறக்குங்கள். இப்போது குமிழிகளைக் கவனியுங்கள். மலிவான ஸ்டவ்வில் சில நொடி தளதளவென்று கொதிக்கும், பிறகு அப்படியே அடங்கும், மறுபடி தளதளக்கும். குறைந்த சூட்டை ஒரே சீராகத் தராமல் முழு சூட்டையே விட்டு விட்டுத் தருகிறது என்று பொருள். பாயசமும் பால்கோவாவும் அதில் அடிப்பிடிக்கும், தயிருக்குப் பால் காய்ச்சினாலும் பொங்கி வழிந்த பிறகுதான் தெரியும். நல்ல ஸ்டவ்வில் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்தான். பத்து வருஷம் உழைக்க வேண்டிய பொருளுக்கு ஐந்து நிமிஷம் கேட்பதில் தப்பில்லை.

உள்ளே இருக்கும் செம்புக் காயிலின் அகலத்தையும் விசாரியுங்கள். அட்டையில் போட்டிருக்காது. விற்பவருக்கும் தெரியாமல் போகலாம். தோசைக்கல்லில்தான் அது வெளிப்படும். காயில் சிறிதாக இருந்தால் தோசையின் நடுவில் ஒரு வட்டம் கருஞ்சிவப்பாக முறுகும், அந்த வட்டத்துக்கு வெளியே மாவு வெள்ளையாகவே கிடக்கும். கல்லை வைத்ததும் உச்சத்துக்கு ஏற்றாமல் 500, 600 வாட்ஸில் ஐந்தாறு நிமிஷம் விட்டால் சூடு ஓரம்வரை பரவும். அப்படியும் கேஸில் வார்த்த தோசை வராது. ஊத்தப்பம் நன்றாக வரும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

தாளிப்புக் கரண்டியை ஸ்டவ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாத்திரத்தின் அடி நான்கைந்து அங்குலமாவது அகலமில்லாவிட்டால் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். ஆகவே ஒரு கேஸ் பர்னர் என்றைக்கும் வேண்டும். சாதம் வடிக்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கஞ்சி பொங்கி வழிந்து தொடுதிரை மேல் ஓடினால், விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்டவ் தானே நின்றுவிடுகிறது. அழுத்தும் பட்டன் உள்ளதையே வாங்குங்கள். பளபளப்பு குறைவு, ஆனால் ஈரக்கையோடும் வேலை நடக்கும். குக்கர் வைத்தால் முதல் விசில் வந்ததும் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். கேஸுக்குப் பழகிய விசில் கணக்கு இங்கே செல்லாது, பருப்பு குழைவதற்குள் விசில்கள் மளமளவென்று வந்து தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி பழைய வீடுகளில் ஸ்டவ் வைக்கக் கூப்பிட்டால் முதலில் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி வயரைத்தான் பார்ப்பார். "மிக்ஸி போடற பிளக்ல இத மாட்டாதீங்கம்மா, வயர் உருகிடும்" என்பது அவர் பல்லவி. 2000 வாட்ஸ் ஸ்டவ் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் தாங்குவது 6 ஆம்பியர். பெரிய பின் உள்ள பவர் பிளக்தான் வேண்டும், அதற்குப் பின்னால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயராவது ஓட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டரிலும் ஓடாது. கோடை இரவில் தெருவே ஏசி போட்டு வோல்டேஜ் இறங்கும் இடங்களில் ஸ்டவ் பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுபோகும். எந்த பிராண்டானாலும் அப்படித்தான்.

பிராண்ட் விஷயத்தில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பிரீத்தி சென்னையில் பிறந்தது, பட்டர்ஃபிளையின் ஆலை வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்தில் இருக்கிறது. இவற்றுக்கு உதிரிபாகமும் சர்வீஸும் நம் பக்கத்தில் கிடைப்பது ஒரு வசதி. இந்த ஸ்டவ்களுக்கு எமன் கரப்பான்பூச்சிதான். அடியில் இருக்கும் விசிறித் துளை வழியே, கதகதப்பைத் தேடி உள்ளே போய்க் குடியிருந்து, சர்க்யூட் பலகையில் ஷார்ட் ஆக்கிவிட்டுச் செத்துப்போகும். சமைத்து முடித்து விசிறி நின்றதும் பிளக்கைப் பிடுங்கி, ஸ்டவ்வை நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்திவைக்கலாம். போர் தண்ணீர் தெறித்துக் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை மூடி போதும், கம்பிச் சுருள் போடாதீர்கள். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் ஓடும் ஸ்டவ்விலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும், மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஸ் இணைப்பைச் சரண்டர் செய்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரை நினைவுபடுத்துவேன். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மூழ்கின. அடுத்த டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து, புறநகரில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்றிலும் அடுப்பு எரிந்த வீடுகள் கேஸ் வைத்திருந்த வீடுகள். 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருஷத்துக்கு ஆறுதான் என்று மத்திய அரசு சொன்னபோது பலரும் இண்டக்ஷனுக்கு ஓடினார்கள்; தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்ததும் அந்த வருஷம்தான். அப்போது வாங்கிய பலவற்றின் ஆயுள் பரணிலேயே கழிந்தது.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் இப்போது மேடையில் பதிக்கும் நாலு பர்னர் இண்டக்ஷன் ஹாப் கேட்கிறார்கள். நாலையும் ஒரே நேரத்தில் போட்டால் 7000 வாட்ஸ் வரை இழுக்கும் சாதனம் அது. பிளக்கில் மாட்டுவதில்லை. மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 32 ஆம்பியர் எம்சிபி, கனமான வயர், அதற்கேற்ற மின் இணைப்பு லோடு எல்லாம் வேண்டும். கிரானைட்டில் வெட்டும் அளவை ஹாப்பின் கையேட்டில் பார்த்துத்தான் குறிக்க வேண்டும், அடியில் காற்றுப் போகவும் இடம் விட வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பில்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு சுவரைக் கொத்தி வயர் இழுக்க எங்கள் தம்பி வாங்கும் கூலியில் இன்னொரு ஸ்டவ்வே வாங்கிவிடலாம்.