காவலனும் புரவலனும்

தமிழ்மொழியின்கண் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் உள என்பதனை யாவரும் அறிவர். மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு அவை எவ்விடத்தும் ஒன்றற்கு ஒன்று ஈடாக நிற்கத்தக்கன போலத் தோன்றும். எதுகை மோனை பற்றியே புலவர் அவற்றுள் ஒன்றனை எடுத்து மற்றொன்றனை விடுத்தனர் எனக் கூறி அமைவாரும் உளர். ஆயினும், அச்சொற்கள் பிறந்த இடத்தையும், அவற்றோடு பழகும் பிற சொற்களையும் ஆராயுமிடத்து, ஒவ்வொன்றும் தனக்கெனச் சிறிது நிலத்தை வேலியிட்டு வைத்துக்கொண்டிருத்தல் புலனாகும். அத்தகைய இரண்டு சொற்களே இக்கட்டுரையின் பொருளாவன. 'காவலன்', 'புரவலன்' என்பன அவை. அகராதிகள் இரண்டற்கும் 'காப்போன்' என்றும் 'அரசன்' என்றும் பொருள் உரைக்கின்றன. அவ்வுரை பிழையன்று, ஆனால் நிரம்பியதும் அன்று.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவிற்கு அழைப்பிதழ் எழுதியபோது, ஆங்கிலத்தில் 'பேட்ரன்' என வழங்கும் சொல்லுக்கு நேராக எம்முள் ஒருவர் 'மன்றக் காவலர்' என எழுதினார். அதனைக் கண்ட மற்றொருவர், "விழாவிற்குப் போலீஸாரும் வருகின்றனரோ?" என நகைத்தார். அதனை அடித்துப் 'பாதுகாவலர்' என எழுதினோம். அது தேவாலயத் திருவிழாவின் அழைப்பிதழ் போலாயிற்று. பின்னர்ப் 'புரவலர்' என்றார் வேறொருவர். மூன்றும் ஒன்றுதானே என்று சிலர் வினவினர். ஒன்றல்ல என்பது எமக்குத் தோன்றிற்று. ஏன் ஒன்றல்ல என்பதனை எடுத்துரைக்க அப்பொழுது எம்மால் இயலவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வார்க்கு அது நாணத்தக்க நிலையே.

நிற்க. ஒருநாள் மாலையில் மயிலாப்பூர் மாடவீதியினின்றும் சாந்தோம் கடற்கரை வரையில் நடப்பவன் இச்சொற்களின் சுற்றத்தை எல்லாம் கண்டுவிடலாம். தெருமுனையில் காவல் நிலையம். அடுக்குமாடி வீடுகளின் வாயில்தோறும் காவலாளி. சங்கீத சபைகளின் மலர்களில் புரவலர் பெயர்கள். சாந்தோம் பேராலயத்தில், ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் நாள் நினைவுகூரப்படும் பாதுகாவலராகிய புனித தோமையார். ஆங்கிலம் சபைக்குப் பொருள் தருவாரையும் ஆலயத்தின் புனிதரையும் 'பேட்ரன்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றது. தமிழோ இருவரையும் வேறுவேறு பெயரிட்டு அழைக்கின்றது. தமிழர் காணும் அவ்வேற்றுமை யாது?

முதற்கண் சொல்லமைப்பினை நோக்குவோம். காவலன் என்பதற்குக் 'கா' பகுதி. புரவலன் என்பதற்குப் 'புர' பகுதி. இரண்டும் காவல், புரவல் எனத் தொழிற்பெயராகிப் பின்னர் 'அன்' விகுதி பெற்றன. இவ்விரண்டற்கும் ஒருசாலை மாணாக்கனாக வருவது 'இரவலன்' என்னும் சொல். 'இரவல்' என்பது நம் கல்லூரியில் நாள்தோறும் வழங்குகின்றது; புத்தகமும் குறிப்பேடும் இரவல் கேளாதார் நம்முள் எவருமிலர். அதற்கு இணையான 'புரவல்' மட்டும் வழக்கொழிந்தது. கேட்போர்க்குரிய சொல் வாழக் கொடுப்போர்க்குரிய சொல் மறைந்தது வியப்பே!

ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்நிற்கும் சொல்லைக்கொண்டு அறிதல் நல்லதொரு நெறி. புரவலன் எதிரே நிற்பவன் இரவலன். காவலன் எதிரே நிற்பவன் யாவன்? கள்வனும் பகைவனுமே. புரவலன் தன் எதிரே நிற்பவனை நோக்கிக் கையை நீட்டுகின்றான். காவலனோ தன் எதிரே நிற்பவனைத் தடுக்கின்றான். ஒருவன் செயல் ஈதல். மற்றவன் செயல் விலக்கல்.

காவலன் விலக்குவன யாவை என்பதனைச் சேக்கிழார் பெருமான் வரையறுத்துள்ளார். பெரியபுராணத்தில், தன் மகனது தேர்க்காலில் ஆன்கன்று இறந்ததற்குக் கழுவாய் செய்தலே அமையும் என்ற அமைச்சரை மறுத்து, மனுநீதி கண்ட சோழன் காவலனுடைய கடனை எடுத்துரைக்கின்றான். தன்னாலும், தன் பரிசனத்தாலும், பகைவராலும், கள்வராலும், பிற உயிர்களாலும் உண்டாகும் அச்சம் ஐந்தனையும் தீர்ப்பவனே காவலன் என்பது அவன் உரையின் கருத்து. அவ்வைந்தனுள்ளும் முதலில் வைக்கப்பட்டது 'தன்னால்' வரும் அச்சம் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வேலியே பயிரை மேய்தல் கூடும் என்பதனை அறிந்தே அம்முறை வைப்பு அமைந்தது போலும்! சிலப்பதிகாரத்துப் பாண்டியனும், ஆராயாது கோவலனைக் கொல்வித்தமையை உணர்ந்தபொழுது, தன்னையே கள்வன் எனக் கூறிக்கொண்டு, மக்களைக் காக்கும் தென்னாட்டுக் காவல் தன்னால் பிழைபட்டது என இரங்கி உயிர்விட்டான். காவலன் தன் நிலையின் வழுவிய அப்பொழுதே தன் எதிர்ச்சொல்லாகிய கள்வனாக மாறினான்.

காவல் என்னும் சொல்லுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. உயிரில்லாப் பொருளையும் காக்கலாம். தினைப்புனத்தைக் காக்கின்றோம், கருவூலத்தைக் காக்கின்றோம், தியாகராய நகரின் நகைக்கடை வாயிலில் இரவும் பகலும் காவல் உண்டு. நாவினையும் காக்குமாறு வள்ளுவர் அறிவுறுத்தினார். ஆனால் நாவைப் புரத்தல் என்றோ, நகையைப் புரத்தல் என்றோ எவரும் கூற யாம் கேட்டதில்லை. மேலும், குற்றஞ்சாட்டப்பட்டவனைக் 'காவலில் வைத்தனர்' என்கின்றோம். காவல் ஒரு மதில் போல்வது. பகையை வெளியே நிறுத்துதற்கும் உதவும், மனிதனை உள்ளே அடைத்தற்கும் உதவும். புரத்தலுக்கோ அம்மதில் இல்லை.

இனிப் புரவலனை நோக்குவோம். பாணரும் கூத்தரும் பொருநரும் விறலியரும் தம் வறுமை தீரச் சென்றடையும் வள்ளலே புரவலன். பரிசில் பெற்று மீள்வார் பெறாதாரை அவ்வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை என்னும் நூல்வகையே இவ்வுறவின்மேல் எழுந்தது. இவ்விரு சொற்களின் வேற்றுமையை நம் கண்முன் நிறுத்தும் நிகழ்ச்சி புறநானூற்றின் 162-ஆம் பாட்டில் உள்ளது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வறுமையால் வாடி இளவெளிமானை அடைந்தார். அவன் தரம் அறியாது சிறிதளவு கொடுத்தான். அதனைக் கொள்ளாது சென்ற புலவர், முதிரமலைத் தலைவனாகிய குமணனிடம் யானையையே பரிசிலாகப் பெற்றார். பெற்றவர் நேரே தம் ஊருக்குச் சென்றிலர். இளவெளிமானது ஊருக்கு மீண்டு, அவனுடைய காவல்மரத்தில் அவ்யானையைக் கட்டினார். இரப்போர்க்கு நீ புரவலன் அல்லை. ஆயினும் உலகில் புரவலர் இல்லாமலும் இல்லை என்னும் கருத்துப்பட உரைத்துவிட்டுத் தம் வழியே சென்றார்.

இதன் நயத்தைக் காண்க. காவல்மரம் அரசனது காவற்சிறப்பின் அடையாளம். பகையரசர் அதனை வெட்டுதலும் அதில் தம் யானையைக் கட்டுதலும் பெருந்தோல்வியாகக் கருதப்பட்டன. படையின்றிச் சென்ற புலவர், பரிசில் யானையைக்கொண்டு அத்தோல்வியினைச் செய்தார். மரம் நின்றது, ஊர் நின்றது, அவன் காவலும் நின்றது. 'புரவலன்' என்னும் பெயர் மட்டும் அவனை விட்டு நீங்கிற்று. காவலனாய் இருந்தும் புரவலன் அல்லாமல் ஒருவன் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? இரண்டும் ஒருபொருட் சொற்களாயின் புலவருடைய சினத்திற்கு இடமே இல்லை.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். ஒரே அரசனை இரு சொல்லாலும் புலவர் அழைத்துள்ளனரே எனின், உண்மை. நல்லரசன்பால் இரண்டும் கூடியிருத்தலே அதற்குக் காரணம். காவல் தவறினாற் புரவும் தவறும். காவலன் காவாவிடின் ஆக்களின் பயன் குறையும், நூலோரும் நூலை மறப்பர் எனக் கொடுங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் கூறுதல் இதுபற்றியே. அவரே படைச்செருக்கில், தன்னைப் புரந்தவருடைய கண்கள் நீர் மல்குமாறு களத்தில் இறத்தல், இரந்தேனும் கொள்ளத்தக்க சாவு என்கின்றார். ஆண்டு அரசனைக் காவலன் எனக் குறியாது புரந்தவன் எனக் குறித்தமை உணர்க. வீரன் அரசனைக் காக்கின்றான். அரசன் வீரனைப் புரக்கின்றான். காவலுக்கு ஈடாகக் கூலி கொடுத்தல் எளிது. கண்ணீர் புரந்தவனுக்கே வரும்.

அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் உள்ள மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்திற்கு ஒருமுறை சென்றபொழுது இவ்வேற்றுமை எமக்கு மேலும் தெளிவாயிற்று. ஐயரவர்கள் 1942-ஆம் ஆண்டில் மறைந்தபின், 1943-இல் தொடங்கப்பெற்றது அந்நூல்நிலையம். அவர்கள் தேடிச் சென்ற காலத்தில் பல வீடுகளில் ஏடுகள் காவலில் இருந்தன. பெட்டியிலும் பரணிலும் பிறர் கைபடாதவாறு இருந்தன. அக்காவலிலேயே பல ஏடுகளைச் செல் அரித்தது. அவ்வேடுகளைப் படித்து, ஒப்பிட்டு, அச்சேற்றி, மக்கள் கையில் கொடுத்தமையே அவற்றைப் புரந்தமை ஆகும். மேலே கூறிய பெருஞ்சித்திரனார் பாட்டினை நாம் இன்று அறிவதும், 1894-இல் ஐயரவர்கள் புறநானூற்றினைப் பதிப்பித்தமையால் அன்றோ? அவர்தம் பதிப்புப் பணிக்குப் பொருளுதவிய பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தினையும் நிறுவினார். அவர் போல்வாரே புரவலர் என்னும் பெயருக்கு உரியர்.

கிறிஸ்தவராகிய எமக்கு இவ்விரு சொற்களும் மற்றொரு நினைவினைத் தருகின்றன. யோவான் எழுதிய சுவிசேஷத்தில் நல்ல மேய்ப்பனும் கூலியாளும் ஒப்பிடப்படுகின்றனர். ஓநாயைக் கண்டதும் கூலியாள் ஓடுகின்றான். மேய்ப்பனோ ஆடுகளுக்காகத் தன் உயிரையே கொடுக்கின்றான். மேய்ச்சலுக்கு நடத்துபவனும் அவனே; ஓநாய்க்கு எதிர்நிற்பவனும் அவனே. காவலும் புரவும் அவனிடத்துப் பிரிவின்றி நிற்கின்றன. அவ்வொற்றுமையை மனிதரிடத்துக் காணல் அரிதாதலின் போலும், நமக்கு இரு சொற்கள் வேண்டியிருக்கின்றன.

அவ்வுவமையைப் படிக்குந்தோறும் கூலிக்குக் காப்பாரை எளியராக எண்ணிவிடுதல் கூடும். எமக்கும் அவ்வெண்ணம் இருந்தது. மந்தைவெளியில் யாம் நாள்தோறும் கடக்கும் ஒரு வாயிலில் முதியவர் ஒருவர் காவலாளியாக இருக்கின்றார். ஐப்பசி மழையில் ஓர் இரவு, தெரு முழுதும் நீர் நிற்க, அவர் முழங்கால் நனைய அவ்வாயிலிலேயே நின்றமையைக் கண்டோம். அவர் ஓடினாரல்லர். மாடியில் பல குடும்பங்கள் அவர் காவலில் உறங்கின. அவர்க்கு அவ்விரவில் சூடாக ஒரு குவளை தேநீர் கொடுத்தார் உளரோ என்பதனை, கடந்து சென்ற பின்னரே எண்ணினோம், யாமும் கொடுத்திலேம். அவரை அழைப்பதற்குக் காவலாளி என்னும் சொல் நம்மிடம் உண்டு. அவரைப் புரப்பாரை அழைக்கும் சொல்லும் உண்டு. அச்சொல்லுக்கு உரியாரைத்தான் அவ்விரவில் கண்டிலேம்.

ஆதலின், அச்சத்தைத் தீர்ப்பவன் காவலன், இன்மையைத் தீர்ப்பவன் புரவலன் என்பதே யாம் கண்ட முடிபு. அழைப்பிதழில் 'புரவலர்' என்றே அச்சிடுவித்தோம். ஆயின் அச்சொல் பொருள் மிக்கார்க்கே உரியது என்னும் எண்ணம் இப்பொழுது எம்மிடம் இல்லை. காவலன் ஆதற்கு வலிமை வேண்டும். புரவலன் ஆதற்குச் சில வேளைகளில் ஒரு குவளை தேநீரே அமையும். அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே அதனைக் கற்றுக்கொண்டோமாயின், சொல்லாராய்ச்சியால் வந்த பயன் தேர்வுத்தாளோடு முடிந்துபோகாது.