90 நாள் நோட்டீஸ்

கேள்வி: சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் என் மகள் ராஜினாமா கொடுத்திருக்கிறாள். 90 நாள் வேலை பார்த்தே தீர வேண்டுமாம். கட்டாயப்படுத்த முடியுமா?
– ஒரு தாய், கொடுங்கையூர்

பதில்: முடியாது அம்மா. விருப்பமில்லாதவரை வேலை பார்க்க வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. ஆனால் மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கம்பெனி கேட்கலாம். பணம் கட்டி விலக வழியுண்டா என்று ஆஃபர் லெட்டரைப் பாருங்கள். சேரப்போகும் கம்பெனியே கட்டுவதும் உண்டு. சொல்லாமல் நின்றுவிட மட்டும் வேண்டாம், ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும்.

போட்டி கம்பெனியில் சேரக் கூடாது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அவளுக்குத் துணை. 2022இல் இன்ஃபோசிஸின் அத்தகைய நிபந்தனையை எதிர்த்து, புனேயின் ‘நைட்ஸ்’ என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடமே புகார் கொடுத்தது.

வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் நிறைய சில வாரங்களே பாக்கி என்றால், கிராஜுவிட்டிக்காகக் கடைசி நாளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.