தாய் மாவு கற்பிக்கும் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தும்போது தயிரையும் இட்லி மாவையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். இவ்வாண்டு அவற்றோடு 'சவர்டோ' எனப்படும் மேலைநாட்டுப் புளிப்பு ரொட்டியையும் சேர்த்துக்கொண்டேன். நொதித்தலை விளக்கத் தொடங்கிய செயல்பாடு, ஆசிரியர்களாகிய நம் பணிக்கும் பொருந்துவதைக் கண்டேன்.

தாய் மாவு என்பது என்ன?

சவர்டோ ரொட்டிக்குக் கடையில் விற்கும் ஈஸ்ட் தேவையில்லை. மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து வைத்து, நாள்தோறும் புது மாவு சேர்த்துவந்தால், மாவில் இயல்பாக உள்ள ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் பெருகும். ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு மாவை உப்பச் செய்கிறது. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம் புளிப்பைத் தருவதுடன், மாவைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளையும் தடுக்கிறது. இக்கலவையே தாய் மாவு.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர ரொட்டி மாவில் 1971 இல் விவரிக்கப்பட்ட பாக்டீரியா இனத்துக்கு அந்நகரின் பெயரே சூட்டப்பட்டது. அது மால்டோஸ் சர்க்கரையை உண்கிறது. அதனுடன் வாழும் ஈஸ்ட்டோ மால்டோஸைத் தொடாமல் பிற சர்க்கரைகளை எடுத்துக்கொள்கிறது. ஒரே கலத்தில் இருந்தும் இரண்டுக்கும் உணவுப் போட்டி இல்லை.

வகுப்பறைச் செயல்பாடு

இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் 50 கிராம் கோதுமை மாவும் 50 மில்லி தண்ணீரும் கலந்து, மூடியை இறுக்காமல் வைக்கவும். மாவின் மட்டத்தை ரப்பர் வளையத்தால் குறிக்கவும். 'அ' புட்டியில் தினமும் பாதியை எடுத்துவிட்டு, அதே அளவு புதிய மாவும் நீரும் சேர்க்கவும். 'ஆ' புட்டியை அப்படியே விடவும். மாணவர்கள் பத்து நாட்கள் உயரத்தை அளந்து வரைபடம் வரையட்டும். சுவைத்துப் பார்க்க அனுமதிக்க வேண்டாம். இளஞ்சிவப்பு நிறமோ பூஞ்சையோ தெரிந்தால் கொட்டிவிட வேண்டும்.

'பாதியை ஏன் வீணாக்க வேண்டும், சார்?' என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்குப் போடச் சொன்னேன். 100 கிராம் மாவு நாள்தோறும் இரட்டித்தால் பத்து நாட்களில் 102.4 கிலோ ஆகும்! எடுக்காமலும் ஊட்டாமலும் விட்டாலோ உணவு தீர்ந்து, அமிலம் மிகுந்து, மாவு சோர்ந்துபோகும். எடுத்த பாதியை மற்றொரு புட்டியில் இட்டு ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தோம்.

கொடுத்ததால் நிலைத்தது

கார்ல் கிரிஃபித் என்ற அமெரிக்கர், 1847 இல் தம் முன்னோர் ஆரிகானுக்குக் கொண்டுவந்ததாகக் கூறிய தாய் மாவைப் பராமரித்துவந்தார். சுயமுகவரியிட்டு, அஞ்சல்தலை ஒட்டிய உறை அனுப்பியவர்களுக்கெல்லாம் அதை உலர்த்தி இலவசமாக அனுப்பினார். 2000 இல் அவர் மறைந்த பின்பும் நண்பர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். நம் ஊரிலும் உறைமோர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்குகிறோம். நாளை அவர்களுக்குத் தீர்ந்தால் நம் வீட்டிலிருந்து போகிறது.

நமக்கான பாடம்

எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை கைப்பொம்மைகளைக் கொண்டு கதை சொல்வார். தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளைகள்கூட அப்பொம்மையுடன் உரையாடுவார்கள். பணி மாறுதலில் அவர் சென்றார். பொம்மைகள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றைப் பேசவைக்கும் முறை அவரோடு போய்விட்டது. ஒவ்வொரு மாறுதலிலும் பணி ஓய்விலும் நம் பள்ளிகள் இவ்வாறு எதையோ இழக்கின்றன.

ஆகவே மூன்றைப் பரிந்துரைக்கிறேன். பருவந்தோறும் பழகிப்போன ஒரு செயல்பாட்டை விட்டு, புதிய ஒன்றை முயலுங்கள். வகுப்பில் பலன் தந்த ஒரு முறையைக் குறுவள மையக் கூட்டத்தில் செய்துகாட்டுங்கள். சக ஆசிரியர் ஒருவரை உங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை அமர அழையுங்கள்.

எங்கள் 'ஆ' புட்டி பத்தாம் நாளில் அசைவற்றுக் கிடந்தது. 'அ' புட்டி கோடை விடுமுறையில் கெட்டுப்போனாலும் கவலையில்லை; ஏழாம் வகுப்பிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் பிள்ளைகள்.