பாயிண்ட்டுக்கு நம்பர் போடு, பிறகு வயரைத் தொடு

தம்பி, லோகோவை டிஜிட்டலில் ஓட்டப் பழகிவிட்டாய். இனி பாயிண்ட்டுகளையும் அதே ஹேண்ட்செட்டிலிருந்தே மாற்ற வேண்டும் என்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் டீகோடர் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து உட்கார். ஹேண்ட்செட்டின் கட்டளையைக் கேட்டுப் பாயிண்ட்டை மாற்றும் ஆக்சஸரி டீகோடர் வேலையில் பாதி, பேப்பரிலேயே முடிகிற வேலை. அதைச் செய்யாமல் பேஸ்போர்டுக்கு அடியில் படுத்தவர்கள், எந்த வயர் எந்தப் பாயிண்ட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் மறுபடி மறுபடி படுக்க வேண்டியிருக்கும்.

நீ போடப்போவது 00 கேஜில் மினோரீஸ். சிரில் ஃப்ரீஸர் வரைந்து, 1957-ல் 'ரயில்வே மாடலர்' பத்திரிகையில் வந்த சின்ன டெர்மினஸ் பிளான். மூன்று பிளாட்ஃபாரம், அதற்கு முன்னால் நெருக்கமாகக் கிராஸ்ஓவர்கள். டிஜிட்டல் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான பிளான் கிடையாது. பாயிண்ட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதால் டீகோடரை மோட்டார்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். பிளானை நோட்டில் வரைந்து, நீ நின்று ஓட்டும் பக்கத்திலிருந்து பார்த்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் நம்பர் போடு.

அந்த நம்பரைத் தோன்றியபடி போட முடியாது. டிசிசி என்ற இந்த டிஜிட்டல் முறையின் அடிப்படையை ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் அதைப் பொதுத் தரமாக்கியது. அந்தத் தரத்தில் ஆக்சஸரி டீகோடர் என்பது நாலு போர்ஷன் உள்ள வீடு மாதிரி. வீட்டுக்கு ஒரு எண், உள்ளே நாலு குடித்தனம். முதல் டீகோடருக்கு 1 முதல் 4, இரண்டாவதுக்கு 5 முதல் 8, மூன்றாவதுக்கு 9 முதல் 12. பாயிண்ட் 10 என்று நீ அழுத்தினால், மூன்றாவது டீகோடரின் இரண்டாவது அவுட்புட் வேலை செய்யும். 511 டீகோடர், தலைக்கு நாலு என்றால் மொத்தம் 2044 அட்ரஸ். உனக்கு அத்தனை வேண்டாம். ஆனால் நாலு நாலாகப் பிரிப்பதை மறக்காதே. ஸ்டேஷன் முகப்புக்கு ஒரு நாலு, லோகோ சைடிங்குக்கு ஒரு நாலு என்று ஒதுக்கு. நடுவில் மிச்சம் இருந்தால் காலியாகவே விடு. நாளைக்கு ஒரு சிக்னல் சேர்க்கும்போது அந்தக் காலி இடம் கைகொடுக்கும். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனி அட்ரஸ் ஏற்கும் டீகோடர்களும் உண்டு. விலை கட்டுப்படியானால் அதையே வாங்கு.

கிராஸ்ஓவரின் இரு முனைப் பாயிண்ட்டுகளும் எப்போதும் சேர்ந்தே மாற வேண்டும், அதனால் இரண்டுக்கும் ஒரே அட்ரஸ் போதும். ஆனால் ஒரே தட்டில் மாறும் சாலினாய்டு மோட்டார்கள் இரண்டை ஒரே அவுட்புட்டில் தொங்கவிடாதே. இழுக்கும் கரண்ட் இரட்டிப்பாகிவிடும். தனி அட்ரஸ் ஏற்கும் டீகோடரானால் இரண்டு அவுட்புட்டுக்கும் ஒரே நம்பரைக் கொடுத்துவிடலாம். மெதுவாக நகரும் மோட்டாரானால் ஒரே அவுட்புட்டில் இரண்டைச் சேர்த்தாலும் பிரச்சினை வராது. அந்த வகையான டார்ட்டாய்ஸ் மோட்டார் முட்டி நிற்கும்போதுகூட 12 வோல்ட்டில் சுமார் 16 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும்.

எல்லாரும் பயப்படும் ஒரு விஷயத்துக்கு நீ பயப்படத் தேவையில்லை. லோகோ 3-உம் பாயிண்ட் 3-உம் மோதிக்கொள்ளாது. இரண்டுக்கும் போகும் கட்டளைகளின் வடிவமே வேறு. ஹார்ன்பி செலக்ட் போன்ற சில கண்ட்ரோலர்களில் மட்டும் நம்பர்களைப் பங்கு போட்டு வைத்திருப்பார்கள்: லோகோவுக்கு 1 முதல் 59, பாயிண்ட்டுக்கு 60 முதல் 99. உன் ஹேண்ட்செட் எது என்று பார்த்துவிட்டு நோட்டில் எழுது. கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் 4 தள்ளி வருவதும் உண்டு. ஒன்றில் 1 என்பது இன்னொன்றில் 5 ஆகிவிடும். அதனால் எந்த ஹேண்ட்செட்டில் ஓட்டப்போகிறாயோ அதிலேயே அட்ரஸும் கற்றுக்கொடு.

கற்றுக்கொடுப்பது சுலபம். இன்றைய டீகோடர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். விளக்கு எரியும்வரை அதை அழுத்தி, ஹேண்ட்செட்டில் 1-ம் பாயிண்ட்டை மாற்றச் சொன்னால், அடுத்து வரும் அந்த நம்பரையே டீகோடர் தன் அட்ரஸாக எடுத்துக்கொள்ளும். கோபால்ட் ஐபி டிஜிட்டல் மோட்டாரில் டீகோடர் உள்ளேயே இருக்கிறது. பக்கத்து ஸ்விட்சை 'செட்' பக்கம் தள்ளி, நம்பரை அனுப்பி, மறுபடி 'ரன்' பக்கம் தள்ளினால் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு டீகோடரை மட்டும் கற்கும் நிலையில் வை. இரண்டு விழித்திருந்தால் இரண்டும் அதே நம்பரைப் பிடித்துக்கொள்ளும்.

இனி வயர். டிராக்குக்குப் போகும் பஸ் வயரிலேயே டீகோடரையும் கோத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதும்தான், முதல் ஷார்ட் வரும்வரை. ரயில் தப்பாகத் திரும்பியிருக்கும் பாயிண்ட்டுக்குள் பின்பக்கமாக நுழைகிறது என்று வைத்துக்கொள். தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக்கைச் சக்கரம் தொட்டதும் ஷார்ட். டிராக் மொத்தமும் செத்துவிடும். பாயிண்ட்டை மாற்றினால் ஷார்ட் போய்விடும். ஆனால் மாற்ற வேண்டிய டீகோடருக்கும் அதே டிராக்கிலிருந்துதான் சிக்னல் வருகிறது, அதுவும் செத்துக் கிடக்கிறது. லோகோவைக் கையால் தள்ள வேண்டியதுதான். இதற்கு வழி, ஆக்சஸரிக்கென்று தனி பஸ். டிராக்குக்குப் போகும் லைனில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் வைத்து, ஆக்சஸரி பஸ்ஸை அந்தப் பிரேக்கருக்கு முன்னாலேயே பிரித்து எடு. டிராக்குக்குப் பவர் தரும் பூஸ்டரை முந்திக்கொண்டு பிரேக்கர் ட்ரிப் ஆக வேண்டும், அதைச் சரிபார்த்து வாங்கு. அப்போது ஷார்ட் ஆனாலும் டீகோடர் உயிரோடு இருக்கும். பாயிண்ட்டை மாற்றினால் ரயில் தானாகக் கிளம்பும். இந்த ஒரு செலவை மிச்சம் பிடிக்காதே.

டிராக் பஸ்ஸுக்குச் சிவப்பு கறுப்பு, ஆக்சஸரி பஸ்ஸுக்கு மஞ்சள் நீலம் என்று நிறத்தைப் பிரித்து வைத்துக்கொள். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் பேப்பர் டேப்பில் பாயிண்ட் நம்பரை எழுதிச் சுற்று.

பீக்கோ பிஎல்-10 மாதிரியான சாலினாய்டு வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத்தான் கரண்ட், ஆனால் சில ஆம்பியர் இழுக்கும். டீகோடருக்குத் தனி பவர் டெர்மினல் இருந்தால் அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் ஸ்விட்ச் போட்டதும் எல்லா டீகோடர்களின் கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற, பூஸ்டர் அதை ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். டீகோடரிலிருந்து மோட்டாருக்கு மெல்லிய வயர் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் விழுந்து, பாயிண்ட் பாதியில் நிற்கும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடு, நீளத்தைக் குறை.

மோட்டாரை மாட்டும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. 16 வோல்ட் குட்டி பல்ப் ஒன்றை டீகோடரின் காமன் டெர்மினலுக்கும் ஒரு அவுட்புட்டுக்கும் நடுவே வைத்து, பாயிண்ட்டை மாற்று. பல்ப் ஒரு முறை பளிச்சென்று மின்னி அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால், அந்த அவுட்புட் மெதுவான மோட்டாருக்கான நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் சாலினாய்டை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் காயில் சூடேறி, வார்னிஷ் கருகும் வாடை வரும். காயில் போனது போனதுதான். டீகோடரின் செட்டிங்கைப் பல்ஸுக்கு மாற்றி, பல்ப் மின்னி அணைவதைப் பார்த்த பிறகே மோட்டாரை மாட்டு.

மாட்டிய பிறகு நேர்வழி என்றால் கிளைவழிக்குப் போகிறதா? பதற்றப்படாதே. காமன் வயரைத் தொடாமல் மற்ற இரண்டையும் இடம் மாற்று. டார்ட்டாய்ஸானால் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரையும் மாற்றினால் போதும். ஆனால் அப்படி மாற்றியபின் ஃப்ராக்குக்குச் சரியான பக்கத்திலிருந்து கரண்ட் போகிறதா என்று மல்டிமீட்டரில் பார். பீக்கோ பாயிண்ட்டில் டார்ட்டாய்ஸ் பொருத்தும்போது நடுவிலிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது வழக்கம்.

முதலில் ஒரே ஒரு பாயிண்ட்டை முழுதாக முடி. அதில் ரயிலை இரண்டு வழியிலும், முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. முடிந்தவரை சால்டரிங்கை மேசை மேல் வைத்தே செய்து, அடியில் ஸ்க்ரூ டெர்மினலில் முடுக்கு. அடியில் படுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், உருகிய ஈயம் நேராகக் கண்ணுக்குத்தான் சொட்டும். கண்ணாடி போடாமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்காதே. இதில் மட்டும் அக்கா பேச்சைத் தட்டாதே.