குழந்தை இதய மருத்துவம்: எங்கே படிப்பது?

கேள்வி: குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்து, குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். குழந்தை இதய மருத்துவம் படிக்க ஆசை. இரண்டு வயதில் மகன் இருப்பதால், சென்னையிலேயே ஏதாவது ஃபெலோஷிப்பில் சேர்ந்துவிடு என்கிறார்கள் வீட்டில். டெல்லியோ கொச்சியோ, டி.எம். கிடைக்கும் இடத்துக்குப் போ என்கிறார் என் பேராசிரியர். படித்து முடித்ததும் தாம்பரம் பக்கமே வந்து வேலை பார்க்க எண்ணம். எதை வைத்து முடிவு செய்வது, சார்?
- ஒரு மருத்துவர், சேலையூர்

பதில்: தாம்பரம் பக்கமே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குங்கள்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. பிறந்த இரண்டாம் நாள் ஒரு குழந்தை நீலம் பாய்ந்து, ஆக்சிஜன் வைத்தும் சாச்சுரேஷன் எழுபதைத் தாண்டாமல் கிடக்கிறது. உடனே புராஸ்டாகிளாண்டின் சொட்டு ஏற்றச் சொல்ல வேண்டும். எக்கோவில் பெருந்தமனிகள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. சாலையில் கிளம்பும் முன்பே அறுவை சிகிச்சைக் குழுவிடம் பேசிவிட வேண்டும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று விரிந்துகொண்டே போகும் புறநகருக்கு இந்த வேலை தெரிந்தவர்கள்தான் முதலில் தேவை. அப்படி ஒருவராக வர, கருவிலிருக்கும் குழந்தைக்கும் பச்சிளங்குழந்தைக்கும் எக்கோ பார்ப்பது கைவந்த கலையாக வேண்டும். கேத் லேபில் எத்தனை டிவைஸ் வைத்தீர்கள் என்பது அதற்குப் பிறகுதான்.

பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: டி.எம். மூன்று வருடப் படிப்பு. கொச்சி அம்ருதாவுக்கு நீட்-எஸ்.எஸ்., டெல்லி எய்ம்ஸுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ். எழுத வேண்டும். மருத்துவமனைகள் தாமாகவே தரும் ஓராண்டுச் சான்றிதழில் அனுபவம் கிடைக்கும். ஆனால், பின்னாளில் மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறை ஆசிரியராக அது போதாது. தேசிய மருத்துவ ஆணையமோ தேசியத் தேர்வு வாரியமோ அங்கீகரித்த இடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. துறைத் தலைவரிடம் பேசுவதோடு நிறுத்தாமல், இரண்டாம் வருடம் படிப்பவரைத் தனியே பார்த்துக் கேளுங்கள். விலா எலும்புக்குக் கீழே புரோபை வைத்துக் கல்லீரலிலிருந்து மேலே, அறை அறையாகப் பார்த்து ரிப்போர்ட் எழுதியது சீனியர் இல்லாமல் அவரேதானா? அதே குழந்தையின் அறுவை சிகிச்சையில் தியேட்டருக்குள் போய், திறந்த இதயத்தைப் பார்த்துத் தன் ரிப்போர்ட் சரிதானா என்று ஒப்பிட்டாரா? அன்றிரவு ஐ.சி.யூ.வில் அந்தக் குழந்தை பக்கத்தில் இருந்தாரா? ஆறு மாதம் கழித்து ஓ.பி.யில் அதைப் பார்த்தாரா? நான்குக்கும் ஆமாம் என்று பதில் வரும் இடம் சிறியதானாலும் சேரலாம். பெரிய மையங்களில் நோயாளிகள் குவிவார்கள், ஆனால் கூடவே படிப்பவர்களும் அதிகம். பலூன் செப்டாஸ்டமி செய்யும்போது யார் கையில் கதீட்டர், யார் கையில் புரோப் என்றும் கேளுங்கள். 1966-ல் வில்லியம் ராஷ்கிண்ட் அறிமுகப்படுத்திய இந்தச் சிகிச்சையை இன்று எக்கோ பார்த்தபடி, குழந்தையின் படுக்கையிலேயே செய்ய முடிகிறது. அந்த அவசரத்தில் பக்கத்தில் நின்றவருக்கு வரும் தைரியம் புத்தகத்தில் வராது.

வீட்டில் சொல்வதையும் யோசித்தேன். முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற இடத்தில் சேர்ந்தாலும், இரவுப் பணியை வைத்துக்கொண்டு சேலையூரிலிருந்து தினமும் போய்வர முடியாது. மருத்துவமனை பக்கத்திலேயே குடியேற வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் மகனைப் பொறுத்தவரை, கொச்சிக்கும் முகப்பேருக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் நினைப்பதைவிடக் குறைவு. கூட வந்து இருக்க அம்மாவோ மாமியாரோ தயாரா என்று கலந்தாய்வுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உதவித்தொகை எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.