கேட்டலும் புரிதலும்

1996 நவம்பர் 12ஆம் நாள், ஹரியாணாவின் சர்கி தாத்ரி அருகே வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். இறங்கி வந்த கசகஸ்தான் விமானம் 15,000 அடியிலும், ஏறிச்சென்ற சவூதி விமானம் 14,000 அடியிலும் நிலைகொள்ளுமாறு தில்லிக் கட்டுப்பாட்டு நிலையம் ஆங்கிலத்தில் பணித்திருந்தது. முன்னது அவ்வுயரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் விமானிகளின் ஆங்கிலக் குறைபாட்டை லகோட்டி விசாரணை ஆணையம் சுட்டிக்காட்டிற்று.

பணிமொழிப் பயிற்சி என்றதும் இலக்கணமே நினைவுக்கு வருகிறது. நொடிப்பொழுதில் பேசவேண்டியவருக்குத் தேவை வேறு: எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லுதல், பெற்ற ஆணையைத் திருப்பிக் கூறுதல், ஐயமெனில் கூச்சமின்றி மீண்டும் கேட்டல். கடைசியானதே கடினம், அலுவலகங்களிலும் அப்படித்தான். பன்னாட்டுத் தடங்களில் பணிபுரியும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு படிகளில் நான்காவதையேனும் எட்டவேண்டும் என்னும் சர்வதேச விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அது சோதிப்பது பேச்சையும் கேட்டறிதலையுமே; எழுத்தை அன்று.